6.9 இன்ச் மோதல்: கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவா, ஐபோன் 16 புரோ மேக்ஸா? திருவண்ணாமலை வெயிலில் ஒரு ஒப்பீடு!

ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். கூடவே ரெண்டு ஹெல்மெட் வாங்கி, டேங்க் நிறைய பெட்ரோலும் போட்டுக்கலாம். அதே காசைக் கொடுத்து ஒரு போன் வாங்குறோம்னா, அந்தப் போன் ஸ்கூட்டர் மாதிரி உழைக்கணும்தானே?

திருவண்ணாமலை பக்கம் உழைக்கிற போன்களுக்குப் பஞ்சமில்லை. கிரிவலப் பாதையை ரீல்ஸ் எடுத்தே சேனல் வளர்த்தவங்க இருக்காங்க. ஆரணியில பட்டுச்சேலையை வாட்ஸ்அப் குரூப்பில் படம் காட்டி வெளியூருக்கு விற்கிற வீடுகள் இருக்கு. பௌர்ணமி வந்தால் ரூம் புக்கிங்கையும் வண்டி புக்கிங்கையும் ஒரே போனில் சமாளிக்கிற லாட்ஜ்காரர்கள், டி.என்.பி.எஸ்.சி பி.டி.எஃப்-களை மணிக்கணக்கில் ஸ்க்ரோல் பண்ணுகிற பட்டதாரிகள்னு பட்டியல் நீளும். இவங்க எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான்: ஸ்க்ரீன் பெருசா இருக்கணும், வேலைக்கும் ஆகணும், ராத்திரி படுத்துக்கிட்டு படம் பார்க்கவும் ஆகணும். லேப்டாப், டி.வி ரெண்டும் தனித்தனியா வாங்க முடியாத வீட்டில் பெரிய ஸ்க்ரீன் போன்தான் ரெண்டுமே.

அந்த வரிசையில் 2025 தொடக்கத்தில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருந்தவை இரண்டு. 2025 ஜனவரி 22-ல் அறிமுகமான சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா. 2024 செப்டம்பர் 9-ல் அறிமுகமான ஐபோன் 16 புரோ மேக்ஸ். 256 ஜிபி மாடலின் அறிமுக விலை, முன்னதுக்கு 1,29,999 ரூபாய், பின்னதுக்கு 1,44,900 ரூபாய். ரெண்டிலும் ஸ்க்ரீன் 6.9 இன்ச். பேப்பரில் பார்த்தால் அண்ணன் தம்பி. கையில் எடுத்து வேலை செய்ய ஆரம்பிச்சாதான் குணம் தெரியுது.

முதல்ல, பாக்கெட்டில் நிற்குமா?

2011-ல் சாம்சங் முதல் கேலக்ஸி நோட்டை 5.3 இன்ச் ஸ்க்ரீனோடு கொண்டுவந்தப்போ, 'இது என்ன போனா, சிலேட்டா?'ன்னு உலகமே சிரிச்சது. அந்த வருஷம் வந்த ஐபோன் 4எஸ்-க்கு ஸ்க்ரீன் வெறும் 3.5 இன்ச். மூணு வருஷம் கழிச்சு 2014-ல் ஆப்பிளே 5.5 இன்ச்சில் ஐபோன் 6 பிளஸ் விட்டது. சிரிப்பு அடங்கிப்போச்சு.

இன்னிக்கு ரெண்டு போனுக்கும் அகலம் சொல்லிவைத்தாற்போல 77.6 மில்லிமீட்டர். உயரத்தில் ஐபோன் 163 மி.மீ, சாம்சங் 162.8. எடையில்தான் கொஞ்சம் வித்தியாசம்: ஐபோன் 227 கிராம், சாம்சங் 218 கிராம். ஒன்பது கிராம் ஒரு விஷயமான்னு தோணும். வேட்டி மடிப்பில் செருகிக்கிட்டு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிறவங்களைக் கேளுங்க. எதைச் செருகினாலும் நழுவத்தான் போகுது. ஒரு சின்ன தோள்பை எடுத்துக்கிறது புத்திசாலித்தனம்.

ஒரு கையால் பிடித்து மேல் மூலையைத் தொடுவது ரெண்டிலுமே கஷ்டம். ஐபோனில் 'ரீச்சபிலிட்டி', சாம்சங்கில் 'ஒன் ஹேண்டட் மோட்'. செட்டிங்ஸில் போய் முதல் நாளே ஆன் பண்ணிடுங்க. பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிற்கும்போது அருமை புரியும்.

வெயில்தான் உண்மையான டெஸ்ட்!

போன் ரிவ்யூ பண்றவங்க பெரும்பாலும் ஏ.சி அறையில் உட்கார்ந்து பண்றாங்க. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரை, வைகாசியில் திருவண்ணாமலை வெயிலில், மத்தியானம் ஒரு மணிக்கு, செங்கம் ரோட்டு ஓரமா நின்னு மேப் பார்க்கணும், பணம் அனுப்பணும், போட்டோ எடுக்கணும்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஆப்பிள், சாம்சங் ரெண்டு கம்பெனிகளுமே தங்கள் போன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூழலில் பயன்படுத்தச் சொல்லித்தான் எழுதிவைத்திருக்கின்றன. நம்ம ஊர் கோடையில் 35 டிகிரி என்பது காலை டிபன் நேரத்துக் கொஞ்சம் பின்னாடியே தாண்டிடுகிற அளவு. அதைத் தாண்டினா போன் உடனே செத்துப்போகும்னு அர்த்தமில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்க்ரீன் வெளிச்சத்தைத் தானே குறைச்சுக்கும், சார்ஜ் ஏறுவது மெதுவாகும், கேம் திக்கித் திணறும். 'ஒரு லட்சம் கொடுத்து வாங்கினேன், வெயிலில் மங்குதே'ன்னு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. அது டிசைனே அப்படித்தான்.

அந்த எல்லைக்குள் யார் பெட்டர்? வெளிச்சத்துக்கான அளவு 'நிட்'. ஐபோன் வெயிலில் அதிகபட்சம் 2,000 நிட், சாம்சங் 2,600 நிட். ஆனா நிஜத்தில் சாம்சங்கை ஜெயிக்க வைக்கிறது அந்த நம்பர் இல்லை, அதன் கண்ணாடி. 'கொரில்லா ஆர்மர் 2'ங்கிற அந்தக் கண்ணாடி எதிரொளிப்பை வெகுவாகக் குறைச்சிடுது. ஐபோனில் வெயிலில் மேப் பார்த்தால் மேப்போடு சேர்த்து நம்ம முகமும், பின்னாடி இருக்கிற மரமும் தெரியும். சாம்சங்கில் மேப் மட்டும் தெரியும். வெளியில் சுத்துற வேலை பார்க்கிறவங்களுக்கு இது ஒண்ணே போதும்னு சொல்வேன். ஆனா ஒண்ணு: மேலே ஒரு சாதாரண டெம்பர்டு கிளாஸை ஒட்டினா இந்தச் சிறப்பு மொத்தமும் போச்சு. கடையில் போன் வாங்கின கையோடு '300 ரூபாய்தான் அண்ணா'ன்னு ஒட்டிக் கொடுப்பாங்க. வேணாம்னு சொல்லிடுங்க.

சூடு தாங்குவதிலும் சாம்சங்குக்கு ஒரு படி கூடுதல் மார்க். உள்ளே 'வேப்பர் சேம்பர்'னு ஒரு மெல்லிய தகட்டு அறை இருக்கு. சிப் சூடானா அதிலிருக்கிற துளி நீர் ஆவியாகி, சூட்டை மற்ற பக்கம் எடுத்துட்டுப் போய்க் குளிர்ந்து திரும்பும். இட்லிப் பானைக்குள் மூடியில் நீர் கோத்துச் சொட்டுற அதே கதைதான். ஐபோன் 16 புரோ மேக்ஸில் அது கிடையாது.

பெரிய ஸ்க்ரீன் எதுக்கு? ரெண்டு ஆப் பார்க்கத்தானே!

இந்தக் கட்டுரையில் என் மனசில் இருக்கிற பெரிய குறையை இங்கேயே சொல்லிடறேன். 6.9 இன்ச் ஸ்க்ரீனைக் கொடுத்துட்டு, அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆப்தான் திறக்க முடியும்னு ஆப்பிள் வைத்திருக்கிறது. வீடியோ மட்டும் சின்னக் கட்டமா ஒதுங்கி ஓடும். மற்றபடி ஸ்க்ரீனைப் பிரிக்க வழியில்லை. நாலு பேர் உட்காருகிற திண்ணையில் ஒருத்தர் காலை நீட்டிப் படுத்துக்கிட்ட மாதிரி.

சாம்சங்கில் மேலே பி.டி.எஃப், கீழே நோட்ஸ். மேலே கஸ்டமர் அனுப்பிய ஆர்டர், கீழே எக்செல் ஷீட். மூணாவதா கால்குலேட்டரை ஒரு குட்டி ஜன்னலா மிதக்க விடலாம். சேலை வியாபாரமோ, லாட்ஜ் புக்கிங்கோ, எதுவானாலும் 'அந்த ஆப்புக்குப் போய் நம்பரை மனப்பாடம் பண்ணி, இந்த ஆப்புக்கு வந்து டைப் பண்றது'ங்கிற அவஸ்தை இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஆர்டர் எழுதுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

அடுத்தது 'டெக்ஸ்'. எஸ்25 அல்ட்ராவை ஒரு கேபிள் வழியா டி.வி-யிலோ மானிட்டரிலோ சொருகினா, கம்ப்யூட்டர் மாதிரி டெஸ்க்டாப் வரும். ஒரு ப்ளூடூத் கீபோர்டு, மவுஸ் இருந்தால் ரெசியூம் அடிக்கலாம், பில் போடலாம், ஆன்லைன் ஃபார்ம் நிரப்பலாம். வீட்டில் லேப்டாப் இல்லாத மாணவருக்கு இது சும்மா வாயைப் பிளக்கிற வசதி இல்லை, காசு மிச்சம். ஐபோனையும் டைப்-சி கேபிளில் டி.வி-யோடு இணைக்கலாம். ஆனா போனில் என்ன தெரியுதோ அதுதான் டி.வி-யில் தெரியும்.

எஸ் பென்? சாம்சங்குக்குள்ளேயே செருகியிருக்கும் பேனா. பி.டி.எஃப்-ல் கையெழுத்துப் போட, பாடப் புத்தகத்தில் கோடு போட, சேலை டிசைனில் 'இந்த பார்டர் மட்டும் மாத்துங்க'ன்னு வட்டம் போட்டு அனுப்ப அருமையா இருக்கு. ஆனா எஸ்25-ல் பேனாவிலிருந்த ப்ளூடூத்தை எடுத்துட்டாங்க. முன்னாடி மாடல்களில் போனை ஸ்டாண்டில் வெச்சுட்டு, தூரத்திலிருந்து பேனாவை அமுக்கினா போட்டோ எடுக்கும். தனியா வீடியோ எடுக்கிறவங்களுக்கு அது பெரிய கை. புது மாடலில் அது கிடையாது. விலையைக் குறைக்காம வசதியைக் குறைக்கிறது என்ன நியாயமோ!

போனிலேயே தொழில் பண்றவங்களுக்கு இன்னும் ரெண்டு சின்ன விஷயம். நம்ம நாட்டில் விற்கிற சாம்சங்கில் ரெண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம். ஐபோனில் ஒண்ணு சிம் கார்டு, இன்னொண்ணு இ-சிம். இ-சிம்னா அவசரத்துக்குக் கழற்றி அம்மா போனில் போட முடியாது. அடுத்தது கால் ரெக்கார்டிங். ஐபோனில் அந்த வசதி 2024 அக்டோபரில் ஐ.ஓ.எஸ் 18.1 அப்டேட்டில்தான் வந்தது. ஆன் பண்ணினதும் 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது'ன்னு எதிர்முனைக்கும் கேட்கும். நியாயமாப் பார்த்தா அதுதான் சரி. சொல்லாம ஒருத்தர் பேச்சைப் பதிவு பண்றது ஆர்டர் எழுத வசதியா இருக்கலாம், நட்பு உடையவும் அதுவே போதும்.

தமிழில் அடிக்க எது வசதி?

இதில் ஐபோனைக் குறைச்சு மதிப்பிட்டுடாதீங்க. 2013-ல் வந்த ஐ.ஓ.எஸ் 7-லேயே தமிழ் விசைப்பலகைகள் போனுக்குள்ளேயே வந்தாச்சு. 'அஞ்சல்', 'தமிழ்99' ரெண்டும். இங்கிலீஷ் எழுத்தில் அடிச்சா தமிழ் வர்றது அஞ்சல் முறை. இதுக்குப் பின்னால் இருப்பவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியவர். ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம் எம்.என்' என்று ஒரு எழுத்துரு இருக்கும். அந்த 'எம்.என்' அவர் பேரின் முதல் எழுத்துகள்தான்.

தமிழ்99, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. ஒரு வாரம் கஷ்டப்பட்டுப் பழகினா, அப்புறம் மற்ற எதுவும் பிடிக்காது. ரெண்டு போனிலும் இருக்கு. சாம்சங்கில் கூடுதலா, கூகுளின் ஜிபோர்டு போட்டு விரலாலோ எஸ் பென்னாலோ தமிழில் எழுதினாலே எழுத்தா மாறிடும். கணக்கு நோட்டில் எழுதியே பழகிய அப்பா அம்மாவுக்கு இதைக் காட்டிப் பாருங்க.

பேச்சு விஷயத்தில் ஆப்பிளின் சிரி, இங்கிலீஷோடு தமிழ் கலந்து பேசினா புரிஞ்சுக்கும். கூகுளின் ஜெமினி தமிழில் பேசும், பதில் சொல்லும். எஸ்25-ல் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடிச்சாலே அது வந்துடும். ஐபோனிலும் ஜெமினி ஆப்பைத் தனியா போட்டுக்கலாம்.

தீபமும் நிலாவும்!

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். 2,668 அடி உயர மலை உச்சியில், கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு ஏற்றப்படும் தீபம். 2024-ல் தீபத் திருவிழாவுக்குச் சில நாள் முன்னாடி மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போன துயரத்துக்குப் பிறகு, தீபத்தன்று மலை ஏற பொதுமக்களுக்கு அனுமதி தரப்படலை. கீழே நின்னுதான் படம் எடுக்கணும். அதாவது ஜூம்தான் எல்லாம். 2025-ல் தீபம் டிசம்பர் 3-ல் வந்தது.

ரெண்டு போனிலும் 5 மடங்கு ஜூம் லென்ஸ் இருக்கு. சாம்சங்கில் 50 மெகாபிக்சல், ஐபோனில் 12 மெகாபிக்சல். சாம்சங்கில் 3 மடங்குக்குத் தனியா ஒரு லென்ஸும், முக்கிய கேமராவில் 200 மெகாபிக்சலும் உண்டு. டிஜிட்டல் ஜூம் ஐபோனில் 25 மடங்கு வரை, சாம்சங்கில் 100 மடங்கு வரை. 100-ங்கிற நம்பரைப் பார்த்து மயங்காதீங்க. 30-ஐத் தாண்டினா படம் வாட்டர் கலர் ஓவியம் மாதிரி கரைஞ்சிடும். 10 மடங்குக்குள் நிறுத்தி, ஸ்க்ரீனில் தீபத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைச்சு எடுங்க. இல்லைன்னா போன் இருட்டைப் பார்த்துப் பதறி வெளிச்சத்தை ஏத்தும். தீபம் வெறும் வெள்ளைப் பொட்டா வரும். இந்த ஒரு டிப்ஸுக்கு 1.3 லட்சம் ரூபாய் போன் தேவையில்லை, 13 ஆயிரம் ரூபாய் போனிலும் செல்லும்.

நிலா விஷயத்தில் ஒரு பழைய பஞ்சாயத்து இருக்கு. 2023 மார்ச்சில் ரெடிட் தளத்தில் ஒருத்தர் வேணும்னே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனில் காட்டி, அதை சாம்சங் போனில் படம் எடுத்தார். படத்தில் இல்லாத பள்ளங்கள் எல்லாம் போட்டோவில் வந்துச்சு! நிலான்னு கண்டுபிடிச்சதும் ஏ.ஐ மூலம் விவரங்களைக் கூட்டுறோம்னு சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. வேண்டாம்னா 'சீன் ஆப்டிமைசர்' வசதியை அணைச்சுடலாம். பௌர்ணமி கிரிவலத்தில் நிலாவை எடுத்து ஸ்டேட்டஸ் போடுறவங்க, அது யார் எடுத்த நிலான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுக்குங்க.

போட்டோவில் சாம்சங் பக்கம் சாயுற நான், வீடியோன்னு வந்தா ஐபோன் பக்கம் தாவிடுவேன். பௌர்ணமி ராத்திரி கிரிவலப் பாதையில் நடந்துக்கிட்டே எடுத்த காட்சியில் ஆட்டம் ரெண்டிலுமே கட்டுக்குள்தான் இருந்தது. ஆனா கடை விளக்கிலிருந்து இருட்டுக்கும், இருட்டிலிருந்து அடுத்த லிங்கத்தின் வெளிச்சத்துக்கும் நகரும்போது ஐபோனில் நிறம் நிதானமா மாறுது. சாம்சங் சில இடங்களில் சட்டுனு தாவுது. ஒலி அதைவிட முக்கியம். ஐபோனில் நாலு மைக், எடுத்த பிறகு 'ஆடியோ மிக்ஸ்'ல் பேசுறவர் குரலை மட்டும் முன்னாடி கொண்டு வரலாம். சாம்சங்கில் இதுக்கு 'ஆடியோ இரேசர்'. கூட்டம், காற்று, இசைன்னு பிரிச்சுக் குறைக்கும். ரெண்டுமே பிழைப்புக்கு உதவும். 4கே-யில் 120 ஃபிரேம் ரெண்டிலும் உண்டு, 8கே சாம்சங்கில் மட்டும். 8கே-யில் எடுத்து யார் வீட்டு டி.வி-யில் பார்க்கப்போறோம்?

நீண்ட வீடியோ எடுக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ரெண்டிலும் மெமரி கார்டு போட முடியாது. ஐபோனில் டைப்-சி வழியா வெளி எஸ்.எஸ்.டி-யை மாட்டி நேரடியா அதிலேயே ரெக்கார்டு பண்ணலாம். ஆனா டப்பாவில் வர்ற கேபிள் பழைய யு.எஸ்.பி 2 வேகம்தான். வேகமான கேபிளைத் தனியா வாங்கணும். இந்த விலைக்கு அதையும் கொடுத்திருக்கலாம், ஆப்பிள் சார்.

கோயிலுக்குள் மட்டும் கேமராவை எடுத்துடாதீங்க. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கு. உங்க ரீல்ஸுக்கு ராஜகோபுரத்தின் வெளிப்புறமே தாராளம்.

சேலை நிறம் ஏன் மாறுது?

ஆன்லைனில் சேலை விற்கிறவங்களின் நிரந்தரத் தலைவலி, 'படத்தில் மெரூன், வந்தது சிவப்பு'ங்கிற கம்ப்ளெய்ன்ட். திருப்பி அனுப்புற கூரியர் காசு யார் தலையில்? இதில் பாதிக் குற்றவாளி உங்க போன் ஸ்க்ரீன்தான். சாம்சங்கில் வாங்கினப்போ 'விவிட்' மோடு இருக்கும். அது எல்லா நிறத்தையும் கொஞ்சம் தூக்கலாக் காட்டும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'நேச்சுரல்'னு மாத்துங்க. ஐபோனில் 'ட்ரூ டோன்' அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஸ்க்ரீனை மஞ்சளாக்கும். கண்ணுக்கு இதம், வியாபாரத்துக்கு ஆபத்து. நிறம் சரிபார்க்கும்போது மட்டுமாவது அணைச்சுடுங்க. ரெண்டையும் சரி பண்ணிட்டா, ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சத்தில் எடுத்த பட்டு, ரெண்டு போனிலும் கிட்டத்தட்ட நேரில் பார்க்கிற மாதிரியே தெரியும். ஜரிகையின் மினுமினுப்பைக் காட்டுறதில் ஐபோன் வீடியோவுக்கு என் ஓட்டு.

படம், பாட்டு, கேம்

இதில் நீட்டி முழக்க ஒண்ணுமில்லை. ரெண்டிலுமே பொழுது நல்லாப் போகும். ரெண்டு ஸ்க்ரீனும் ஓ.எல்.இ.டி, 120 ஹெர்ட்ஸ். சாம்சங் 3120 x 1440 பிக்சல், ஐபோன் 2868 x 1320. ஆனா சாம்சங் டப்பாவைத் திறந்ததும் குறைந்த ரெசல்யூஷனில்தான் இருக்கும். காசு கொடுத்த பிக்சலைச் செட்டிங்ஸில் போய் நாமதான் கேட்டு வாங்கணும்! ஐபோனில் டால்பி விஷன் உண்டு. சாம்சங்கில் அது இல்லை, எச்.டி.ஆர்10 பிளஸ் உண்டு. முழு ஸ்க்ரீனில் படம் பார்க்கும்போது ஐபோனின் 'டைனமிக் ஐலண்ட்' ஒரு மாத்திரை அளவுக்கு ஹீரோ தலை மேல உட்கார்ந்திருக்கும். சாம்சங்கில் ஒரு சின்னப் பொட்டு. ஹெட்போன் ஓட்டை ரெண்டிலும் இல்லை.

பேட்டரி? வீடியோ ஓட்டத்துக்கு ஆப்பிள் சொல்வது 33 மணி நேரம், சாம்சங் சொல்வது 31. இது கம்பெனிக் கணக்கு, நம்ம ஊர் சிக்னல் தேடலில் இதில் பாதி வந்தா சந்தோஷப்படலாம். சார்ஜ் ஏறுவதில் 45 வாட் சாம்சங் முந்தும். சார்ஜர் ரெண்டு டப்பாவிலும் கிடையாது. பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்போது நெட்வொர்க் திணறும். அப்ப ரெண்டு போனும் ஒண்ணுதான், ரெண்டாயிரம் ரூபாய் போனும் ஒண்ணுதான். பாட்டையும் மேப்பையும் வீட்டிலேயே டவுன்லோடு பண்ணிக்கிட்டுக் கிளம்புங்க.

காசு... காசு... காசு!

24 மாத இ.எம்.ஐ-ன்னு வெச்சுக்குவோம். வட்டியே இல்லைன்னாலும் சாம்சங்குக்கு மாதம் சுமார் 5,417 ரூபாய், ஐபோனுக்கு 6,038 ரூபாய். மாதம் 18 ஆயிரம் சம்பளம் வாங்குறவருக்கு அது சம்பளத்தில் மூணில் ஒரு பங்கு. ரெண்டு வருஷத்துக்கு, ஒவ்வொரு மாசமும். இடையில் போன் உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் தவணை நிற்காது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'ங்கிற பேரையும் அப்படியே நம்பிடாதீங்க. வட்டியில்லாக் கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கு. பொதுவா நடக்கிறது இதுதான்: வட்டித் தொகையை விலையில் தள்ளுபடியாக் காட்டுவாங்க, வங்கி வட்டியை வாங்கும், அந்த வட்டிக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி உங்க கணக்கில் ஏறும். பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தமா கட்டினா கிடைக்கிற தள்ளுபடி, இ.எம்.ஐ-யில் கிடைக்குமான்னும் கேளுங்க. அங்கேதான் உண்மையான வட்டி ஒளிஞ்சிருக்கும்.

ஜி.எஸ்.டி பதிவு வெச்சிருக்கிற வியாபாரிக்கு மட்டும் கணக்கு வேற. போன் விலையில் 18 சதவிகித ஜி.எஸ்.டி அடங்கியிருக்கு. சாம்சங்கில் அது 19,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல, ஐபோனில் 22,100 ரூபாய். போன் தொழிலுக்காகத்தான்னா, கடை பேரிலும் ஜி.எஸ்.டி நம்பரிலும் பில் போட்டு வாங்கி, உள்ளீட்டு வரி வரவா எடுத்துக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவங்களுக்கு இது கிடையாது. உங்க ஆடிட்டரை ஒரு தடவை கேட்டுட்டு வாங்குங்க.

எத்தனை வருஷம் ஓடும்? எஸ்25-க்கு ஏழு வருஷம் அப்டேட் தர்றதா சாம்சங் உறுதி கொடுத்திருக்கு. ஆப்பிள் இந்த மாதிரி விளம்பரம் பண்றதில்லை, ஆனா 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்.ஆருக்கு 2024-ல் ஐ.ஓ.எஸ் 18 வந்ததே, அதுவே சாட்சி. பழசை விற்கும்போது ஐபோனுக்குத்தான் மதிப்பு அதிகம். சாம்சங் அல்ட்ரா சீக்கிரம் விலை இறங்கும். அப்படின்னா, கொஞ்சம் பொறுத்து வாங்குறவங்களுக்கு லாபம் சாம்சங்கில்! புது அல்ட்ரா வருஷத் தொடக்கத்திலும், புது ஐபோன் செப்டம்பரிலும் வர்றது வழக்கம். அதுக்கு முந்தின மாசம் முழு விலை கொடுத்து வாங்குறது, ஆடித் தள்ளுபடிக்கு முந்தின நாள் துணி எடுக்கிற மாதிரி.

இன்னொரு தகவல், பெருமையா இல்லை வருத்தமான்னு தெரியலை. ஐபோன் புரோ மாடல்கள் 16 சீரிஸில்தான் முதல்முறையா இந்தியாவில் அசெம்பிள் ஆச்சு, அதுவும் நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில். திருவண்ணாமலையிலிருந்து ரெண்டரை, மூணு மணி நேரப் பயணம். சாம்சங்குக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கு, ஆனா அங்கே ஃபிரிட்ஜ், டி.வி, வாஷிங் மெஷின், போன் நொய்டாவில். பக்கத்து ஊரில் செய்த போன்னு ஐபோன் நமக்கு மலிவாக் கிடைக்குதா? அதான் இல்லை.

சரி, எதை வாங்குறது?

ஆர்டர், பில், பி.டி.எஃப், கணக்குன்னு போனிலேயே ஆபீஸ் நடத்துறவங்களுக்கு, வெயிலில் அலையுறவங்களுக்கு, லேப்டாப் இல்லாத மாணவர்களுக்கு எஸ்25 அல்ட்ரா. யோசிக்கவே வேண்டாம். பேனாவில் ப்ளூடூத் வேணும்னா, விலை இறங்கியிருக்கிற எஸ்24 அல்ட்ராவைப் பாருங்க, ஸ்க்ரீன் 6.8 இன்ச், அதுக்கும் ஏழு வருஷ அப்டேட்தான். வீடியோவே வருமானம்னா, ஏற்கெனவே மேக் வெச்சு எடிட் பண்றவர்னா ஐபோன் 16 புரோ மேக்ஸ். பெரிய ஐபோன் வேணும், ஆனா காசு இடிக்குதுன்னு 89,900 ரூபாய்க்கு அறிமுகமான 16 பிளஸ் பக்கம் போறவங்க, அதில் ஸ்க்ரீன் 60 ஹெர்ட்ஸ்தான்னு தெரிஞ்சே போங்க.

ரீல்ஸ் பார்க்க, வாட்ஸ்அப், ஜி-பே, எப்பவாவது ஒரு படம். இவ்வளவுதான் உங்க தேவைன்னா ரெண்டும் வேண்டாம். பெரிய ஸ்க்ரீன் இப்ப இருபதாயிரத்துக்கு உள்ளேயே கிடைக்குது. மீதி ஒரு லட்சத்துக்கு நான் முதல் பாராவில் சொன்ன ஸ்கூட்டர் இருக்கே!

எதை எடுத்தாலும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த கம்பெனி வெப்சைட்டில் உங்க பின்கோடைப் போட்டு (திருவண்ணாமலைன்னா 606601) அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் இருக்குன்னு பார்த்துடுங்க. டிஸ்ப்ளே உடைஞ்சா அதுக்காக சென்னை வரை பஸ் ஏறணுமா, வேண்டாமாங்கிறதை அதுதான் தீர்மானிக்கும். ரெண்டு போனும் ஐ.பி68, தண்ணி தாங்கும். ஆனா தண்ணி போய் கெட்டா சாதாரண வாரன்ட்டி கைகொடுக்காது.

செகண்ட் ஹேண்டில் எடுக்கிறவங்க, போனில் *#06# அடிச்சா வர்ற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ எண்ணைக் குறிச்சுக்கிட்டு, இங்கிலீஷில் கே.ஒய்.எம்-னு அடிச்சு, ஒரு இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்க. திருட்டுன்னு முடக்கப்பட்ட போன்னா அதிலேயே தெரிஞ்சிடும். புதுசா வாங்குறவங்களும் அந்த எண்ணை பில்லோடு சேர்த்து எழுதி வெச்சுக்குங்க. கிரிவலக் கூட்டத்தில் போன் தொலைஞ்சா, முதல்ல போலீஸில் புகார், அடுத்தது நம்பரை முடக்கி டூப்ளிகேட் சிம், அப்புறம் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்து போனை முடக்கணும். புகார் நகலும் பில்லும் கேட்கும், தயாரா இருங்க.